காட்சி நூற்றுப் பன்னிரண்டு

என் வேலை கவனிப்பது.
கோப்பையில் எவ்வளவு ஒயின் மிச்சம்,
மெழுகுவர்த்தி எத்தனை விரற்கடை உருகியது,
எந்தக் கையின்மேல் எந்தக் கை.
ஒரு டேக்கிலிருந்து அடுத்த டேக்குக்குள்
காலம் நழுவிவிடாமல்
பென்சிலால் கட்டிப்போடுவது.

கலீசியாக் கடற்கரையில்
மூடிக்கிடந்த மத்தி ஆலையொன்றை
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு ஆக்கியிருந்தோம்.
குளிர்பெட்டிகளுக்குச் சாக்கு,
மின்கம்பத்தை மறைக்க ஒரு பொய்மரம்.
மீன் நாற்றம் மட்டும் அசல்.
அதற்குச் செலவில்லை.

காட்சி இதுதான்: தங்கையின் திருமண விருந்தில்
முதலாளியின் மூத்த மகளிடம்
வேலைக்காரி ஒருத்தி சொல்லிவிடுகிறாள்,
நீ காதலிக்கும் உப்புக்காரன்
உன் அப்பனுக்கே பிறந்தவன் என்று.
நாயகி தட்டை உடைத்து அழ வேண்டும்.
எங்களிடம் முப்பது தட்டுகள் இருந்தன.

பின்னணிக்கு ஊர்க்காரர்கள்.
நாளுக்கு அறுபது யூரோ, மதியம் சூப், ரொட்டி.
உதவி இயக்குநன் பிராய்ஸ்
ஆடு எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டே வந்தான்:
"நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி.
ஜன்னலோரம். கையப் புடிச்சுக்கோங்க."

எலாதியோ, எழுபத்தொன்று, படகு எஞ்சின் மெக்கானிக்.
பல்பினா, அறுபத்தொன்பது, மருந்துக்கடை வைத்திருந்தவர்.
இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள்.
எலாதியோ தன் கையைப் பார்த்தார்,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதைப் போல.
பல்பினா ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு பிடித்துக்கொண்டார்கள்.

பவுடர் பஞ்சோடு வந்த ஒப்பனைப் பெண் கேட்டாள்,
"கூடப்பிறந்தவங்களா? மூக்கு ஒரே அச்சு."
"இல்லை" என்றார்கள் இருவரும்,
ஒரே குரலில்,
கேள்வி முடிவதற்குள்.
மற்ற மேசைகளில் ஊரே குனிந்து
ஒரே நேரத்தில் ரொட்டி பிய்த்தது.

குறித்துக்கொண்டேன்:
எலாதியோவின் வலது, பல்பினாவின் இடது.
இரண்டிலும் சுண்டுவிரல் உள்வளைவு,
அதே கோணம்.
என் படிவத்தில் கேட்கப்படாத தகவல்.
அழித்தேன். தாளில் தடம் இருக்கிறது.

மூன்றாவது டேக், தட்டு உடையவில்லை.
ஐந்தாவதில் ஜெட் விமானச் சத்தம்.
ஆறாவதில் நாயகி அழுத அழுகைக்கு
விளக்குப் பிடித்தவன்கூட மூக்கை உறிஞ்சினான்.
'கட்' என்றதும் மற்றவர்கள் கலைந்து
செல்போன் தேடினார்கள், முதுகு சொறிந்தார்கள்.
ஜன்னலோர மேசைக்கு மட்டும்
'கட்' கேட்கவே இல்லை.

இடையில் ஒருமுறை பல்பினா,
"அந்த நீலச் சட்டை இன்னும் இருக்கா?"
"கிழிஞ்சிடுச்சு. எழுபத்தொம்பதுல."
"சொல்லியிருக்கலாம்."
"எதுக்கு?"
அவ்வளவுதான்.
அதற்குள் புதுத் தட்டு வந்துவிட்டது.

ஒன்பதாவதுக்கு முன் இயக்குநர்
மானிட்டரைப் பார்த்து முகம் சுளித்தார்.
"அந்தப் பெரியவர் தலை வெளிச்சத்த மறைக்குது.
கடைசி மேசைக்கு மாத்துங்க."

இருபத்திரண்டு வருடமாக
என் குறிப்பை யாரும் சரிபார்த்ததில்லை.
சொன்னேன்: "முடியாது.
ஆறாவது டேக்குல அவர் அங்கதான், பளிச்சுனு.
மாத்தினா தொடர்ச்சி உடையும்."

ஆறாவது டேக்கில் அவர்கள்
ஃபோகஸுக்கு வெளியே
இரண்டு வெளிறிய புள்ளிகள்.

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். சரி என்றார்.

இன்னும் பதினோரு தட்டுகள்.
மொத்தம் ஆறு மணி நாற்பது நிமிடம்.
சம்பளத் தாள் மேசைக்கு வந்தபோது
எலாதியோ இடது கையால் கிறுக்கினார்.
இடக்கைப் பழக்கமா என்று கேட்டான் கணக்குப்பிள்ளை.
இன்றைக்கு, என்றார்.

பல்பினாவின் பித்தளைக் கல்யாண மோதிரம்
சோப்பு போட்டும் கழல நேரமானது.
உறையில் எண் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.
கோட்டை மாட்டியபடி, யாரையும் பார்க்காமல் கேட்டார்,
நாளைக்கும் இதே மேசைதானா.

பிராய்ஸ் பட்டியலைப் புரட்டினான்.
"நாளைக்கு நூற்றுப் பதின்மூன்று. சாவுப் பூசை.
தேவாலயத்துல ஆம்பளைங்க இந்தப் பக்கம்,
பொம்பளைங்க அந்தப் பக்கம்.
ஏழு மணிக்கு வந்துடுங்க.
கறுப்பு நாங்களே தருவோம்."